முத்திரை இல்லாத கடிதங்கள்

மாஸ்டர்,

போன செவ்வாய்க்கிழமை ஹட்டனில், கொம்பியூட்டர் திருத்தும் கடை ஒன்றில், உங்கள் லெப்டொப் பையின் பக்கவாட்டு அறைக்குள் என் மகள் செல்வி கையை விட்டு ஒரு நீலக் கடிதத்தை எடுத்தாள். மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. எனக்கு ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அது உங்களுக்குத் தெரியும். ஆனால் முப்பது வருஷம் தோட்டத்துத் தபால் பையைச் சுமந்தவன் நான். ஒபிசில் ஒருதரம் பெயரைச் சொன்னால் போதும். முத்திரை, மையின் நிறம், முகவரி சாய்ந்திருக்கும் விதம் எல்லாவற்றையும் மனதில் பிடித்துக்கொள்வேன். ஒரு கடிதமும் வீடு மாறிப் போனதில்லை. இந்தக் கடிதமும் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அது எனக்கு வந்தது. பிரிக்காமல் உங்கள் கையில் கொடுத்தவனே நான்தான்.

நான் சொல்லச் சொல்லச் செல்வி இதை எழுதுகிறாள். கண்ணைத் துடைப்பதற்காக அடிக்கடி பேனாவை வைத்துவிடுகிறாள். அதனால் மெதுவாகத்தான் போகிறது.

அந்த நாள் எனக்கு அப்படியே இருக்கிறது. செல்வியின் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று நாள். காலையிலிருந்து மழை. டிக்கோயா தபால் ஒபிசில் பையை வாங்கும்போதே இந்திய முத்திரை கண்ணில் பட்டுவிட்டது. அண்ணன் கடிதம்! அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலிருந்த உங்கள் குவாட்டர்ஸுக்கு ஓடி வந்தேன்.

“என்னண்ணை, இந்த மழைக்குள்ள? உள்ள வாங்கோ” என்றீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்த மனிதர், என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பிரித்து வாசித்தீர்கள். மறுபடியும் மேலேயிருந்து வாசித்தீர்கள். மூன்றாம் தரமும் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்னங்க மாஸ்டர், எங்க அண்ணன் மவன் கோழி கிண்டுன மாதிரியா எழுதியிருக்கான்?” செம்புத் தண்ணீரை எடுத்து முழுவதும் குடித்துவிட்டுத்தான் நீங்கள் வாயைத் திறந்தீர்கள்.

“உங்கட அண்ணர் சுகமாம். கலியாணத்துக்கு வர ஏலாதாம். பிள்ளைக்கு ஆசீர்வாதமாம்.”

“அவ்வளவுதாங்களா?”

“அவ்வளவுதான். உது என்னட்டை இருக்கட்டும். கலியாண வீட்டில துலைஞ்சு போகும்.”

அதற்கு முன்பு ஒரு கடிதத்தையும் நீங்கள் வைத்துக்கொண்டதில்லை. அது எனக்கு ஞாபகம் இருந்தது. ஏன் என்று கேட்கத்தான் தோன்றவில்லை. தலையில் பந்தல், சமையல், மாப்பிள்ளை வீட்டார் என்று ஆயிரம் வேலை.

அண்ணனுக்கும் எனக்கும் இடையில் இருந்ததை நீங்கள் ஒருவரே அறிவீர்கள். குடியுரிமை ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போக இருவரும் ஒன்றாகத்தான் எழுதிக் கொடுத்தோம். கடைசி நேரத்தில் நான் பின்வாங்கினேன். அதை அண்ணன் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லை. அவர் ரயிலேறிய அன்று வேண்டுமென்றே தபால் பையை எடுத்துக்கொண்டு வேறு வழியாகப் போய்விட்டேன். ஸ்டேசனில் வண்டி நகரும்வரை கதவோரம் நின்று பார்த்தாராம். பிறகு கூடலூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு கடிதம் போடுவார். மழை, கொழுந்து, பிள்ளைகள் என்று எல்லாம் இருக்கும். அந்த நாளைப் பற்றி ஒரு சொல் இருக்காது. நான் உங்களிடம் சொல்லி எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் ‘என்மேல் கோபமா?’ என்று கேட்பேன். பதிலில் அது மட்டும் வராது.

கல்யாணத்துக்குப் பிறகு நீலக் கடிதம் வருவதே நின்றுபோனது. ஒரு வருஷம், இரண்டு வருஷம். காலையில் பை வாங்கியதும் இந்திய முத்திரையைத்தான் முதலில் தேடுவேன். நான் சாப்பாடு குறைந்து, எலும்பும் தோலுமாகப் போனதை நீங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

அப்போதுதான் கனடாவில் இருந்த உங்கள் தங்கை தான் பாவித்த பழைய லெப்டொப்பைக் கொடுத்தனுப்பினார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “அண்ணை, இப்ப ஆரும் முத்திரை ஒட்டிக் கடிதம் போடுறேல்லை. எல்லாம் ஈமெயில். சனிக்கிழமை உதை ஹட்டனுக்குக் கொண்டுபோய் ஈமெயிலை எடுத்துக்கொண்டு வந்தனான். உங்கட அண்ணர் எழுதியிருக்கிறார்” என்றீர்கள்.

அது திறக்கிற அழகு! பொத்தானை அமுக்கிவிட்டு நீங்கள் அடுப்பை மூட்டுவீர்கள். தண்ணீர் கொதித்து, பாலில்லாத பிளேன்டி ஊற்றி, இருவரும் குடித்து முடித்த பிறகும் திரையில் ஏதோ சுற்றிக்கொண்டே இருக்கும். “நம்ம தோட்டத்து லொறி பாரத்தோட மேட்டுல ஏறுனாக்கூட இந்நேரம் பெக்டரிக்குப் போயிருக்கும் மாஸ்டர்” என்பேன். அன்றும் அப்படித்தான் காத்திருந்தேன். கடைசியில் நீங்கள் வாசித்தீர்கள்: ‘தம்பி, எனக்கு உன்மேல் ஒருபோதும் கோபம் இருந்ததில்லை. யோசிக்காதே.’

கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சனங்களுக்குக் கேட்கும் அளவுக்கு அழுதேன். நீங்கள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. அன்றிரவு வயிறாரச் சாப்பிட்டேன். அந்த ஒரு வரியில்தான் இத்தனை வருஷமும் உயிரோடு இருந்தேன்.

உங்களோடு படிப்பித்த ஒருவர் பிறகு ஒரு சீடியைக் கொண்டுவந்து கொடுத்தார். “இந்தப் பழைய மெசினோட ஏன் மாரடிக்கிறீங்க மாஸ்டர்? இது லினக்ஸ். விண்டோஸ் மாதிரி வேற ஒண்ணு. லேசானது. உள்ள இருக்கிறதெல்லாத்தையும் அழிச்சிட்டு இதப் போடுங்க, பறக்கும்.” அழிப்பது என்று கேட்டதும் நான் குறுக்கே விழுந்தேன். “ஐயோ, வேணாங்க. எங்க அண்ணன் கடிதமெல்லாம் உள்ள இருக்கு.” நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். “பாப்பம்” என்று மட்டும் சொல்லிச் சீடியைப் புத்தகங்களுக்கிடையே வைத்துவிட்டீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் மருமகன் வந்து சாமான்களைக் கட்டினார். லெப்டொப் பையை என் கையில் தந்து, “மாமா ஆஸ்பத்திரியில வைச்சுச் சொன்னவர், இது அண்ணைக்குத்தான் எண்டு” என்றார். எனக்கெதற்கு என்று ஒரு வருஷம் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தேன். செல்விதான், வேகமாக்கினால் தனக்காவது உதவும் என்று கடைக்குத் தூக்கி வந்தாள்.

கடைக்கார அம்மா எங்கள் ஆள்தான். “மெசின் பழசுங்க ஐயா. இதுக்கு விண்டோஸ் தாங்காது. லினக்ஸ் போட்டுத் தரேன். எதை எடுத்து வைக்கணும்னு மட்டும் சொல்லுங்க, மத்ததெல்லாம் போயிடும்” என்றார்.

“எங்க அண்ணன் ஈமெயில் இருக்கும்மா. அது போதும்.”

அவர் தேடினார். திரும்பவும் தேடினார். “இதுல ஈமெயிலே இல்லீங்களே. இன்டர்நெட்டுக்குப் போன அடையாளமே இல்ல. ‘அண்ணர்’னு பேர் போட்டு டைப் பண்ணின கடிதங்கதான் இருக்கு. ஒவ்வொண்ணும் மூணு மூணு தரம் திருத்தி எழுதியிருக்கு.”

அந்த நேரத்தில்தான் செல்வி அந்த நீலக் கடிதத்தை வெளியே எடுத்தாள். மனதுக்குள் வாசித்தாள். மேலே இருந்த தேதியைத் திரும்பப் பார்த்தாள். “அப்பா, இது என் கல்யாணத்துக்கு முந்தி வந்ததுப்பா” என்றாள். பிறகு சத்தமாக வாசித்தாள். ‘சித்தப்பாவுக்கு, அப்பா போன மாசம் தவறிட்டாங்க. காரியமெல்லாம் முடிச்சிட்டோம்.’ அவ்வளவுதான் இருந்தது.

எனக்குக் காது அடைத்துப் போனது மாஸ்டர். கடைக்கார அம்மா வாயசைப்பது தெரிகிறது, சத்தம் வரவில்லை. முதலில் வந்தது அழுகை இல்லை. தலைமுழுகவில்லையே என்றுதான் வந்தது. கூடப்பிறந்தவன் செத்த செய்தியைச் சட்டைக்குள் வைத்து, என் உடம்புச் சூட்டிலேயே கொண்டுவந்திருக்கிறேன். தலைமுழுகாமல் மூன்றாம் நாள் பந்தலில் நின்று பெண்ணைத் தாரைவார்த்தேன். அத்தனை வருஷமும் மாரியம்மன் கரகத்துக்கு முன்னால் நடந்தேன். செத்தவனுக்கு நலம் விசாரித்துக் கடிதம் சொன்னேன், நீங்களும் தட்டிக்கொண்டிருந்தீர்கள்.

ஏன் மறைத்தீர்கள் என்று நான் கேட்க வேண்டியதில்லை. அன்று உண்மையை வாசித்திருந்தால் தீட்டு. கல்யாணம் நின்றிருக்கும், அந்த மாப்பிள்ளை வீட்டார் இன்னொரு நாளுக்குக் காத்திருக்கிற ஆட்களும் இல்லை. மூன்று நாளைக்கு என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பீர்கள். நான்காம் நாள் வந்து சொல்லியிருக்கலாமே? அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. எழுதிக்கொள் என்று செல்வியிடம் சொன்னேன், எழுதிவிட்டாள்.

என்மீதும் கோபம்தான். எங்கள் ஆட்கள் ‘கவலப்படாத’ என்போம். ‘யோசிக்காதே’ என்பது உங்கள் ஊர்ப் பேச்சு. அண்ணன் வாயில் அந்தச் சொல் ஒருநாளும் வந்ததில்லை. யார் எந்த வருஷம் என்ன சொன்னார் என்று ஒப்பிக்கிற எனக்கு அது தெரியாமலா போனது? கேட்க ஆசைப்பட்டதைக் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆற்றங்கரையில் தலையை மழித்து முழுகினேன். லயத்து வீடுகளில் இருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “யாருங்க செத்தது?” என்றார்கள். “எங்க அண்ணன்” என்றேன். “எப்ப?” என்றார்கள். “நேத்து” என்றேன். எனக்கு நேற்றுத்தானே.

வெள்ளிக்கிழமை மறுபடி கடைக்குப் போனோம். கடைக்கார அம்மா எதையும் அழிக்காமல் எனக்காக வைத்திருந்தார். முதல் கடிதத்தின் மூன்று பிரதிகளையும் வாசிக்கச் சொன்னேன். முதலாவதில் கோபம் பற்றிய பேச்சே இல்லை. இரண்டாவதில் ‘கோபம் இருந்தது, இப்போது இல்லை’ என்று எழுதியிருந்தீர்கள். மூன்றாவதில்தான் அந்த வரி. கணக்கு மாஸ்டர் கணக்கைத் திருத்துவதுபோல, எனக்கு எது தாங்கும் என்று பார்த்துப் பார்த்துத் திருத்தியிருக்கிறீர்கள்.

அந்தச் சீடியை நீங்கள் போட்டிருந்தால் ஒரு தடயமும் மிஞ்சியிருக்காது. மெசினும் பறந்திருக்கும். நீங்கள் போடவில்லை. நீலக் கடிதத்தையும் கிழிக்கவில்லை. வாயால் சொல்ல முடியாததைப் பையில் வைத்து எனக்கே அனுப்பிவிட்டீர்கள்.

“ஐயா, இதெல்லாம் வைக்கவா, அழிக்கவா?” என்று கடைக்கார அம்மா கேட்டார்.

“வைங்கம்மா.”

“வேற ஒரு இடத்துல தனியாப் போட்டு வைக்கிறேன். என்ன பேரு போட? அண்ணன் கடிதம்னு போடவா?”

செல்வி என் முகத்தைப் பார்த்தாள்.

“மாஸ்டர் கடிதம்னு போடுங்க” என்றேன்.

அண்ணன் குரலில்தான் அந்த வரி இத்தனை வருஷமும் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது எவ்வளவு முயன்றாலும் அந்தக் குரல் வருவதில்லை. உங்கள் குரல்தான் வருகிறது. அண்ணனுக்கு என்மேல் கோபம் இருந்ததா என்று சொல்ல இனி யாருமில்லை. அவருக்குப் பதிலாகச் சொல்ல உங்களுக்கு என்ன உரிமை என்று தினமும் கேட்கிறேன். கேட்டுவிட்டு, அந்த வரியை மறுபடியும் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.