கடைசி வரியில் உங்கள் பெயர்

அண்ணே,

இன்று காலை, துவாஸில் நம் வேலையாட்களை ஏற்றும் பஸ் டிரைவர் போன் செய்தார். "லிஸ்ட்ல நாப்பத்தொரு பேரு இருக்கு, நாப்பது பேருதான் ஏறியிருக்காங்க. வெயிட் பண்ணவா?" யார் வரவில்லை என்று கேட்டேன். அவர் படித்தது உங்கள் பெயரை. நீங்கள் கண்ணை மூடி இரண்டு மாதம் ஆகிறது.

என் புரோகிராம் ஓடத் தொடங்கிய அந்த முதல் நாள் உங்களுக்கு மறந்திருக்காது. வேலையாட்களின் பெயர்களை வரிக்கு ஒன்றாக டைப் செய்து நீங்கள் அனுப்ப, தஞ்சோங் பகார் ஆபீசில் நான் எழுதிய அந்தப் புரோகிராம் அந்தக் கோப்பைப் படித்து டிரைவருக்குப் பட்டியல் போட்டது. அதில் ஒரு வெல்டரின் பெயர் இல்லை. பஸ் போய்விட்டது, மனுஷன் கேட் வாசலில் மழையில் நின்றார். மேனேஜர் எல்லார் முன்னாலும் உங்களைப் பிடித்துக்கொண்டார். "அண்ணன் டைப் பண்ணாம விட்டிருப்பாரு" என்று நானும் ஒத்து ஊதினேன். கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நீங்களோ, "இனிமே யாரும் நிக்கக்கூடாது மா, அவ்ளோதான்" என்றீர்கள்.

சாயங்காலம்தான் பார்த்தேன். பெயர் இருந்தது, கடைசி வரியில். வரி முடிந்து என்டர் தட்டியிருந்தால்தான் என் புரோகிராம் அதை வரியாகவே எடுத்துக்கொள்ளும். கடைசி வரிக்கு யார் தட்டுவார்கள்? திருத்தப் பத்து நிமிடம் போதும். ஆனால் திருத்தினால் ஏன் என்று கேட்பார்களே! வாயை மூடிக்கொண்டேன். மறுநாளிலிருந்து யாரும் விடுபடவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன், சீ.

நேற்று புது புரோகிராம் போட்டேன். எல்லா வரிகளையும் ஒரே கட்டளையில் படித்துவிடும், ஒன்றையும் விடாது. இன்று டிரைவர் பேசியதும் உங்கள் பழைய கோப்புகளைத் திறந்தேன். அந்த மறுநாளிலிருந்து ஒவ்வொன்றிலும் கடைசி வரி உங்கள் பெயர்தான். புக்கிட் பாஞ்சாங் வீட்டிலிருந்து மோட்டார்சைக்கிளில் வேலைக்கு வந்த உங்களுக்கு அந்த பஸ் எதற்கு? விடுபடுவது உங்கள் பெயராக இருக்கட்டும் என்று போட்டிருக்கிறீர்கள். என் தப்பு என்று தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் இடத்துக்கு வந்த பெண்ணைக் கேட்டால், "கடைசி வரியை மட்டும் தொடாதேன்னு சொல்லிட்டுத்தான் அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போனாரு" என்கிறாள்.

மேனேஜரிடம் இன்று உண்மையைச் சொன்னேன். "ஐயோ, பழைய கதை, விடுங்க லா" என்றார். எனக்கு அப்படி விட முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது, அண்ணே.

டிரைவருக்கு என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "அவரு வர மாட்டாரு, நீங்க கிளம்புங்க." மழையில் நின்ற வெல்டரையாவது மறுநாள் ஏற்றிக்கொண்டோம்.