மப்ரூகாவின் முகம்

மே 6, துனிஸ்

டிவிக்கு நான் எடுக்கும் ஆவணத் தொடரின் ஐந்தாம் பகுதி ஏறக்குறைய முடிந்தது. தெற்கே கடலோர ஊரில் உர ஆலை விடும் புகையும், அதைச் சுவாசித்துச் செத்தவர்களும். மப்ரூகா பேசும் இடம் வந்ததும் எங்கள் சேனல் தலைவர் ஷெத்லி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கணவனின் கடைசி இருமலைச் சொல்லும்போது அவள் அழவில்லை. நேராகக் கேமராவைப் பார்க்கிறாள்.

"இந்த முகம் போதும் ரௌதா. மந்திரி பதில் சொல்லியே ஆகணும்" என்றார். வெள்ளிக்கிழமை ஒளிபரப்பு.

மே 7

மப்ரூகாவிடமிருந்து போன். மீன் சந்தையில் நின்று பேசினாள். வீட்டிலிருந்து பேசப் பயமாம். கணவனின் தம்பி நஜீப்புக்கு அதே ஆலையில்தான் வேலை. மேஸ்திரி அவனைக் கூப்பிட்டு, "உங்க அண்ணி டிவியில வராங்களாமே, நல்லா வரட்டும்" என்றானாம்.

"அவ்வளவுதான் சொன்னான் தங்கச்சி. திட்டியிருந்தாக்கூடத் தூங்கியிருப்பேன். நஜீப் சம்பளத்துலதான் ரெண்டு குடும்பமும் சாப்பிடுது. என் மூஞ்சிய மறைச்சிரு. பேரையும் எடுத்துரு."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் ஷெத்லி நினைவுக்கு வந்தார்.

மே 8

நினைத்தபடியேதான். ஷெத்லி ஒத்துக்கொள்ளவில்லை.

"சம்மதிச்சுத்தானே பேசினாங்க?"

"ஆமா சார். இப்ப வேண்டாங்கறாங்க."

"மறைச்ச மூஞ்சிய யாரும்மா நம்புவா? காசு கொடுத்து நடிக்க வெச்ச பொம்பளைன்னு ஆலைக்காரன் சொல்லுவான். அப்படியே போகட்டும்."

அவர் சொல்வதிலும் தப்பில்லை. அதுதான் எரிச்சல். மப்ரூகாவை முழுக்க வெட்டிவிட்டும் பார்த்தேன் — வெறும் புகையும் புள்ளிவிவரமும். அவளை வைக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. என்னதான் செய்ய?

மே 9

முகத்தை மங்கலாக்கிவிட்டோம். "சார்கிட்ட சொல்லிட்டியா?" என்றாள் எடிட்டர் பஸ்மா. இல்லை என்றேன். "அடிப்பாவி!" ஆனால் வேலையைச் செய்தது அவள்தான். குரலையும் மாற்றினோம், பெயரையும் எடுத்தோம். ஒளிபரப்புப் பிரிவில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மே 10

ஒளிபரப்பாகிவிட்டது. ஷெத்லி போன் மேல் போன். எடுக்கவில்லை.

மே 13

ஆறாம் பகுதி எனக்கு இல்லையாம். 'முகமில்லாத ஒருத்தியின் கட்டுக்கதை' என்று ஆலை அறிக்கை விட்டிருக்கிறது. ஷெத்லி அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஒருத்தியைக் காப்பாற்றப்போய் ஓர் ஊரையே ஊமையாக்கிவிட்டேனா?

மே 17

நஜீப்பை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். மப்ரூகாதான் போனில் சொன்னாள்.

"மூஞ்சியத்தான் மறைச்சோமே, அப்புறம் எப்படி?" என்று உளறினேன். என்ன கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"மேஸ்திரிக்கு மூஞ்சி எதுக்கு தங்கச்சி? அவனுக்குத்தான் முன்னாடியே தெரியுமே. மறைச்சும் சம்பளம் போச்சு. இனி என்னத்துக்குப் பயப்படணும்? கேமராவத் தூக்கிட்டு வா. நஜீப்பும் பேசறானாம்."

ஷெத்லி முன்னால் போய் நின்றேன். மப்ரூகா சொன்னதைச் சொன்னதும் வண்டிச் சாவியை என் பக்கம் தள்ளினார். "வண்டிய எடுத்துட்டுப் போ. இந்தத் தடவ மறைச்சா, உன் மூஞ்சியத்தான் மறைக்கணும்."

மே 20, மப்ரூகா வீடு

வீட்டுக்குள் போட்ட நாற்காலியை அவளே தூக்கி வந்து, ஆலை தெரியும்படி தெருவில் போட்டுக்கொண்டாள். நஜீப் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றான்.

"ஒளிபரப்புறதுக்கு முன்னாடி எப்ப வேணாலும் வேண்டாம்னு சொல்லலாம் அக்கா" என்றேன்.

"கேமரா ஓடுதா?" என்றாள். ஓடுகிறது என்றேன்.

பெயரைச் சொல்லத் தொடங்கினாள். அப்போது ஆலைப் பக்கமிருந்து வந்த வெள்ளைக் கார் ஒன்று எதிரே நின்றது. யாரும் இறங்கவில்லை. மப்ரூகா அதை ஒருமுறை பார்த்தாள். கேமராவின் பக்கம் திரும்பி, பெயரிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள் — கார் வரைக்கும் கேட்கும்படி.