செருப்பை எண்ணியவன்

மார்ச் 4
இன்று பேருந்தின் பலகையை நானே வாசித்து ஏறினேன். பக்கத்தில் யாரையும் கேட்கவில்லை. "எங்க போகணும் பெரியவரே?" என்று நடத்துநர் கேட்டார். "முன்னாடி எழுதியிருக்கே, அங்கதான்" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். அறுபத்தெட்டு வருடம் நான் அந்தப் பலகையை வெறும் கோலமாகத்தானே பார்த்தேன்.

மார்ச் 5
கடைப் பெயர்களை வாசித்துக்கொண்டே நடந்ததில் வீட்டைத் தாண்டிப் போய்விட்டேன். மருமகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

மார்ச் 9
எதற்காகப் படிக்க வந்தீர்கள் என்று மாலை வகுப்பில் டீச்சரம்மா ஒவ்வொருவரையும் கேட்டார். ஒருவர் பேத்திக்குக் கடிதம் எழுத என்றார். ஒருவர் மருந்துச் சீட்டு வாசிக்க என்றார். நான் சும்மா என்றேன்.

சும்மா இல்லை. அதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

நான் ஒரு தையல் கம்பெனியில் வாசல் காவல்காரனாக இருந்தவன். துணி அழுக்காகும் என்று எல்லோரும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். உள்ளே போகிறவர்கள் பெயரைக் கணக்கர் பதிவேட்டில் எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். எனக்கு அது கறுப்பு எறும்பு. அதனால் செருப்பை எண்ணுவேன். எத்தனை சோடியோ அத்தனை ஆள். பிறகு பின்கதவை வெளியிலிருந்து பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன். யாரும் துணித் துண்டை வெளியே கொடுத்துவிடக் கூடாது, நடுவில் தேநீர் குடிக்கப் போகக் கூடாது. முதலாளி உத்தரவு.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பகலில் தீப்பிடித்தது. காலையில் முப்பத்தொரு சோடி செருப்பு. தெருவில் இரண்டு தடவை தலையை எண்ணினேன். முப்பத்தொன்று. தீயணைப்பு வண்டிக்காரர் கேட்டபோது "எல்லாரும் வந்தாச்சு" என்றேன். அதனால் பின்பக்கம் யாரும் போகவில்லை.

பதிவேட்டில் முப்பத்திரண்டு பெயர் இருந்தது.

மார்ச் 14
இறந்துபோன பெண்ணின் தங்கை இன்று வகுப்பு முடிகிற நேரத்துக்கு வந்து நின்றாள். திங்கள்தோறும் தொழிலாளர் அலுவலக வாசலில் அட்டை பிடித்து நிற்பாளே, அவள்தான். அவள் விடாமல் நின்றதால்தான் மூடிய விசாரணையை மறுபடி திறந்திருக்கிறார்கள். ஒரு காகிதத்தை நீட்டி, "இது உங்க கைரேகைதானே?" என்றாள்.

என் ரேகைதான். கட்டை விரலில் வெட்டுத் தழும்பு அப்படியே விழுந்திருந்தது. தீ விபத்துக்கு மறுநாள் மேனேஜர் கொண்டுவந்தது. வேலையில் இருந்தேன் என்று மட்டும் எழுதியிருப்பதாகச் சொன்னார். பூட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

இப்போது எழுத்துக் கூட்டி வாசித்தேன். பின்கதவு பூட்டப்படவில்லை. அந்தப் பெண் பொருளை எடுக்கத் தானாகவே திரும்பி உள்ளே ஓடினாள். அவளைத் தடுத்தேன், கேட்கவில்லை.

நான் முழுதாக வாசித்து முடித்த முதல் பக்கம் என் பொய்.

தங்கைக்காரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. ஆள் இருக்கும்போது கதவைப் பூட்டக் கூடாது என்று ஒரு சட்டம் எழுதி, நிறைவேற்றாமலே பதினோரு வருடமாக அலமாரியில் கிடக்கிறதாம். ஒவ்வொரு தடவை கேட்டாலும் ஒரே பதில்தானாம். "பூட்டினதால செத்தாங்கன்னு ஒரு காகிதம்கூட இல்லையேம்மாங்கறாங்க. எப்படி இருக்கும்? எல்லாக் காகிதத்துலயும் உங்கள மாதிரி ஒரு கட்டை விரல் இருக்கு."

மார்ச் 15
வகுப்புக்குப் போகவில்லை. நோட்டை எடுக்கவே பயமாக இருந்தது.

மார்ச் 18
மேனேஜர் வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றார். "எழுதப் படிக்கக் கத்துக்கிட்டீங்களாமே பெரியவரே. இந்த வயசுல கண்ணக் கெடுத்துக்காதீங்க" என்றார். பிறகு மகனின் தோளில் தட்டினார். மகன் இதே முதலாளியின் இன்னொரு கம்பெனியில் துணி வெட்டுகிறான். அந்தத் தட்டு யாருக்கு என்று எனக்குத் தெரியாதா?

அவர் போனதும் மகன் சுவரைப் பார்த்துப் பேசினான். "ரெண்டு வருஷம் ஆச்சுப்பா. நீங்க ஜெயிலுக்குப் போனா அந்தம்மா எழுந்து வந்துடுவாங்களா? எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு." அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் கொல்லுகிறது.

மார்ச் 20
கணக்கு ஏன் தப்பியது என்று தெரிந்துவிட்டது.

கம்பெனித் தெருவின் முனையில் செருப்புத் தைக்கிறவர் இருக்கிறார். என் செருப்புக்கு ஆணி அடிக்கக் கொடுத்தேன். பெட்டியைக் கிளறியபோது பச்சை வார் வைத்த ஒரு சோடி வெளியே வந்தது. யாருடையது என்றேன். தீப்பிடித்த அன்று காலையில், வார் அறுந்துவிட்டது, சாயங்காலம் வாங்கிக்கொள்கிறேன் என்று கொடுத்துவிட்டு வெறுங்காலோடு கம்பெனிக்கு ஓடிய பொண்ணு, பிறகு வரவே இல்லை என்றார். தைத்து வைத்ததைத் தூக்கிப்போட மனம் வரவில்லையாம்.

வெறுங்காலோடு வந்தாள். அதனால் என் கணக்கில் அவள் வரவே இல்லை.

மார்ச் 23
என்ன செய்ய? என்னதான்யா செய்ய?
சொன்னா மகன் குடும்பம் தெருவுல. சொல்லலன்னா — இன்னைக்கும் எங்கயோ ஒருத்தன் பூட்டிட்டுச் சாவிய இடுப்புல செருகிட்டுத்தானே இருக்கான். நான் கத்துக்காமலே இருந்திருக்கலாம். குருடனாவே செத்திருக்கலாம். அந்தக் காகிதம் எறும்பாவே இருந்திருக்கும்.
பூட்டினது நான். கை என் கை. உத்தரவு எவனோடதா இருந்தா என்ன?
அவ கதவத் தட்டியிருப்பா. தட்டாம இருப்பாளா? நான் முன்பக்கம் நின்னு தலைய எண்ணிக்கிட்டிருந்தேன்.

மார்ச் 24
எழுதத் தொடங்கிவிட்டேன். ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. மருமகள் பார்த்தாள். பென்சிலைச் சீவிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 26
விசாரணையில் வாக்குமூலம் கொடுக்க இன்றுதான் கடைசி நாள். செருப்புத் தைக்கிறவரிடம் பச்சை வார்ச் செருப்பை வாங்கிக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போனேன். தங்கைக்காரி வாசலில் நின்றாள். செருப்பைப் பார்த்ததும் சுவரோடு உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி என் இரண்டு பக்கத்தையும் நிதானமாக வாசித்தார். "செருப்பை ஏன் எண்ணினீங்க? பதிவேடு மேசையிலேயே இருந்துதே."
"அதுல இருந்தது எழுத்துங்க. எனக்குத் தெரிஞ்சது செருப்புதான்."
காகிதத்தைக் கீழே வைத்தார். "இதக் குடுத்தா உங்க மேலயும் வழக்கு வரும். புரியுதா?"
"வாசிச்சுப் பார்த்துட்டுத்தான் கொண்டுவந்தேன்."

எழுத்தர் பழக்கதோஷத்தில் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். பேனா கேட்டேன். எழுத எழுத என் பெயர் கோட்டை விட்டு இறங்கி மேசை ஓரத்துக்கே போய்விடும்போல் இருந்தது. பின்னால் நின்றவர், "சீக்கிரம் தாத்தா, ஆபீஸ மூடிடப் போறாங்க" என்றார். நான் அவசரப்படவில்லை.

மார்ச் 29
மகனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு மட்டும் வருகிறது.

டிசம்பர் 11
சிறைக்கு வந்து இரண்டாவது மாதம். இன்னும் நான்கு இருக்கிறது. மேனேஜர் அடுத்த கட்டிடத்தில் இருக்கிறார். முதலாளி மேல்முறையீடு செய்து வெளியே இருக்கிறார்.

மகன் இன்று முதல் தடவையாக வந்தான். செய்தித்தாளைக் கம்பி வலையில் விரித்துப் பிடித்தான். ஆள் வேலை செய்யும்போது எந்தக் கதவையும் வெளியிலிருந்து பூட்டக் கூடாது. வாசலில் பெயரைக் கூப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். போன திங்கள் முதல் சட்டம். நான் வாசித்து முடிக்கும்வரை கை வலிக்கப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்: "புதுசா சேர்ந்த எடத்துல பின்கதவுப் பூட்டக் கழட்டிட்டாங்கப்பா. உள்ளேர்ந்து தள்ளினா தெறக்குது."

இங்கே காலையில் பெயர் கூப்பிடுவது நான். வார்டருக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது, பெரியவரே நீங்க வாசிங்க என்றுவிட்டார். நாற்பத்தொரு பெயர். இன்று பதினெட்டாவது ஆளிடமிருந்து பதில் இல்லை. "தலைய எண்ணிட்டேன், சரியா இருக்கு, மேல படிங்க" என்றார் வார்டர்.

மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது தடவை, மூலையில் போர்வைக்குள்ளிருந்து "இருக்கேன்" என்றான்.

அதற்குப் பிறகுதான் அடுத்த பெயருக்குப் போனேன்.