முப்பத்தொரு டிகிரியில் புகை

நாள் 211 — 07:40
பதிவு: கிளாரிந்தா தேவசகாயம், மண் ஆய்வாளர், வெண்குழி நிலையம். ஆள் எண்ணிக்கை: ஒன்று.
உள்ளே ஆக்சிஜன் 20.8. அழுத்தம் சரி. வெளியே 58 டிகிரி, கந்தக மூட்டம், பார்வைத் தூரம் முப்பது மீட்டர்.
காலை ஐந்தரைக்கு ஃப்ரீசரின் கம்ப்ரசர் எரிந்துபோனது. மாற்று இல்லை. உள்ளே 62 கிலோ மீன், எல்லாம் எங்கள் தொட்டியில் வளர்ந்த ஜிலேபிக் கெண்டை. சரக்குக் கப்பல் வர இன்னும் 130 நாள். மாவும் பருப்பும் ஐம்பது நாளைக்கு வரும். இந்த மீன் போனால் கணக்கு உதைக்கும்.
உப்பு நான்கு கிலோதான் இருக்கிறது. கருவாடு போடப் போதாது. லேசாக உப்புத் தடவி, புகையில் பல நாள் உலர்த்துவது ஒன்றே வழி. முந்தைய குழு விட்டுப்போன மின்சாரப் புகைப்பெட்டி கிடங்கில் கிடக்கிறது. எடுத்துத் துடைத்து வைத்தேன்.

நாள் 211 — 18:10
பெட்டி வேலை செய்கிறது. புகை இல்லை.
அடியில் சூட்டுக் கம்பி. அதன்மேல் மரச்சில்லுத் தட்டு. அதற்கு மேல் மீன் தொங்கும் கம்பிகள். சூட்டை 45-இல் வைத்தால், கம்பி இரண்டு நிமிடம் எரிந்து அணைந்துவிடுகிறது, மறுபடி எரியக் கால் மணி நேரம். அதற்குள் சில்லு வெதுவெதுப்பாவதோடு சரி. 110-இல் வைத்தேன், புகை வந்தது. மீனும் வெந்து, உதிர்ந்து, தட்டில் விழுந்தது. மூன்று கிலோ வீண்.
வெந்த மீன் நான்கு நாளில் கெடும். எனக்கு வேண்டியது சூடில்லாத புகை, விடாமல்.

நாள் 212 — 12:30
மேலே சுற்றும் நிலையம் நண்பகலில் இருபது நிமிடம் மட்டும் தலைக்கு மேல் வரும். அதில் இருக்கும் மருத்துவர் நஸ்ரின் பானுவிடம் விஷயத்தைச் சொன்னேன். பதிவிலிருந்து:
"கிளாராக்கா, எங்ககிட்ட கீழ இறங்கற கலம் இல்ல. இருந்தா நானே அரிசி மூட்டையோட வந்திருப்பேன். நீங்க தூங்குறீங்களா?"
"தூங்குறேன்."
"பொய் சொல்லாதீங்க. அவரு போய் இருபத்து மூணு நாளாச்சு. தனியா இருக்கறது லேசு இல்ல. ஏதாச்சும் பேசணும்னா பேசுங்க."
மீனைப் பற்றி மட்டும் பேசினேன்.
ஈரச் சில்லு போட்டுப் பார்த்தேன்: வெறும் நீராவி. தூளைக் கம்பிமேலேயே கொட்டினேன்: குப்பென்று பிடித்து அணைந்தது.

நாள் 213 — 16:00
கிடைத்துவிட்டது.
பெட்டியின் கம்பியை நம்பக் கூடாது. புகைக்குத் தனி நெருப்பு வேண்டும். வலைக்கம்பியை வளைத்து, கொசுவத்திச் சுருள் போல ஒரு வாய்க்கால் செய்தேன். பசுமைக்கூடத்தில் வெட்டிப்போட்ட கொய்யாக் கிளைகளை உலர்த்தி, மிக்ஸியில் அரைத்து, தூளை அதில் அழுத்தி நிரப்பினேன். ஒரு முனையில் சால்டரிங் இரும்பை வைத்தேன். கனல் பிடித்தது, தீயாகவில்லை. ஊர்ந்துகொண்டே போகிறது. ஒரு நிரப்பு ஒன்பது மணி நேரம்.
தூளில் ஈரம் இருந்தால் பாதியில் அணைகிறது. காற்று அதிகம் நுழைந்தால் தீப்பிடிக்கிறது. கீழ்த் துளையை விரல் பருமனுக்கு மூடி வைத்தபின் நிதானமாகிவிட்டது. வெள்ளைப் புகை கசக்கும். இப்போது வருவது மெல்லிய நீலம். பெட்டியின் சூடு 31.
ஒரு தொல்லை. புகை உணரி அலறினால் சமையலறைக்கு மின்சாரம் தானே நின்றுவிடுகிறது. எல்லா வாயு உணரிகளும் அந்த ஒரே மின்சுற்றுத் தட்டில். தட்டைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். புகை வடிகட்டி வழியாகத்தான் போகிறது, கண் எரியவில்லை.

நாள் 214 — 17:20
புகை சீர். முதல் வரிசை மீன் பொன்னிறம். தலைவலி, குமட்டல். தூக்கமின்மை என்று நினைக்கிறேன்.
16:45-க்குத் தூள் நிரப்பிக்கொண்டிருந்தபோது சமையலறைச் சுவர் இண்டர்காமில் ஒரு குரல்.
"ஏம்மா கிளாரா, ரொம்ப அமுக்காத. மூச்சு விடட்டும்."
மாசிலாமணி அண்ணாச்சியின் குரல்.
இந்தப் பதிவைக் கண்டெடுப்பவருக்காக: மாசிலாமணி இந்த நிலையத்தின் பொறியாளர், வயது 53. நாள் 189-இல் மின்னாக்கிச் சுரங்கத்தில் இறந்தார். கிழக்குச் சரிவில் நானே புதைத்தேன்.
தூளைக் கொஞ்சம் தளர்த்தினேன். கனல் இன்னும் நிதானமாகப் போனது.

நாள் 215 — 10:15
காலையிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார். உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான், வாய் ஓயாது. வால் பக்கம் கட்டித் தொங்கவிடு என்கிறார். செவுளை எடு என்கிறார். தன் மகள் நீச்சல் கற்ற கதையைச் சொன்னார், ஏற்கெனவே நாலு முறை சொன்னது.
நான் பதில் சொல்கிறேன். தவறென்று தெரிகிறது. சொல்கிறேன்.

நாள் 215 — 15:50
எழுதிவிடுகிறேன். அறிக்கையில் இதை எழுதவில்லை.
நாள் 189 அன்று அவர் சுரங்கத்தில். நான் கட்டுப்பாட்டு அறையில். மண் மாதிரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் இண்டர்காமில் பேசிக்கொண்டே இருந்தார். எண்ணிக்கை இரண்டு முறை தப்பியது. எரிச்சலில் ஒலியைக் குறைத்துவிட்டேன். பிறகு அவர் என்னைக் கூப்பிட்டது முணுமுணுப்பாகக் கேட்டது. மூன்று முறை. முதல் இரண்டும் என் பெயர். மூன்றாவது நீளமாக ஏதோ சொன்னார். இதை எண்ணி முடித்துவிட்டுக் கேட்கலாம் என்று இருந்தேன்.
பதினோரு மாதிரி பாக்கி இருந்தது. முடித்தேன். கேட்டேன். பதில் இல்லை.
அறிக்கையில் "தொடர்பு துண்டிக்கப்பட்டது" என்று எழுதினேன்.
இன்று அவரிடம் கேட்க வாய் வரவில்லை. அவரும் அதைப் பேசுவதில்லை. மீனைப் பற்றியே பேசுகிறார்.

நாள் 216 — 12
மணி சரியாகத் தெரியவில்லை. மீனைத் திருப்ப எழுந்தேன் விழுந்தேன் மறுபடி. உதடு சிவப்பாக அழகாக இருக்கிறது கண்ணாடியில். நஸ்ரின் கத்துகிறாள்
"அக்கா, யாரோட பேசிட்டு இருக்கீங்க?"
"அண்ணாச்சியோட."
"உங்களுக்குத் தலை வலிக்குதா? நாக்கு குழறுது. அக்கா, அந்தப் பெட்டிய எங்க வெச்சிருக்கீங்க?"
"சமையக்கட்டுல. முப்பத்தொரு டிகிரி. நல்லா வருது நஸ்ரின்."
"உணரி என்ன காட்டுது?"
"கழட்டிட்டேன்."
"அல்லாஹ்! அக்கா, இப்பவே முகமூடிய மாட்டுங்க. இப்பவே! கனலுற தூள்ல வர்றது கார்பன் மோனாக்சைடு. உங்க வடிகட்டி கரியப் பிடிக்கும், அதப் பிடிக்காது. நாலு நாளா அதையே மூச்சு விடுறீங்க. மாட்டிட்டீங்களா? சொல்லுங்க!"
அண்ணாச்சி சொன்னார், "அந்தப் பொண்ணு சொல்றதக் கேளும்மா."
மாட்டினேன்

நாள் 216 — 19:30
கனலை அணைத்தேன். உள்காற்று முழுவதையும் வெளியேற்றி, இருப்புத் தொட்டியிலிருந்து நிரப்பினேன். அதற்குமுன் உணரித் தட்டைச் செருகிப் பார்த்தபோது கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 210 பங்கு. இப்போது 3.
பெட்டியை வாசலிலுள்ள வெளிப்பூட்டு அறைக்கு மாற்றிவிட்டேன். புகை இனி நேரே வெளியே போகும். தூள் நிரப்ப முகமூடியோடு போய் வருவேன்.
குரல் நின்றுவிட்டது.
சமையலறை இண்டர்காமின் மூடியைத் திருகிக் கழற்றினேன். உள்ளே ஒலிபெருக்கி இல்லை, நான்கு கம்பி நுனிகள் மட்டும். அதைப் பிடுங்கி எறிந்தது நான்தான், அவரைப் புதைத்த அன்று மாலை. எப்படி மறந்தேன்?

நாள் 219 — 12:25
"அந்தக் குரல்..." என்று ஆரம்பித்தேன்.
"விஷம் பேசுச்சு அக்கா. அவரு இல்ல. உங்க மூளை காத்து இல்லாம தவிச்சப்போ தனக்குத் தெரிஞ்சதையே அவரு குரல்ல சொல்லிக்கிச்சு. உங்களுக்குத் தெரியாத ஒண்ண அவரு சொன்னாரா?"
யோசித்தேன். இல்லை.
"சாப்பிட்டீங்களா?"
"சாப்பிட்டேன். மீன் நல்லா இருக்கு."
உண்மைதான். விறைப்பு, உப்பு, கொய்யா வாசம். சதையில் ஈரமே இல்லை.

நாள் 221 — 12:45
உலர்ந்த எடை 19 கிலோ. துணிப்பைகளில் கட்டித் தொங்கவிட்டேன். கப்பல் வரும்வரை தாங்கும். தலைவலி போய்விட்டது. ஆக்சிஜன் 20.9.
நிலையம் மிகவும் அமைதியாக இருக்கிறது.
நஸ்ரின் சற்றுமுன் தொடுவானத்துக்குக் கீழே போனாள். இனி நாளை நண்பகல்.
பெட்டியை வெளிப்பூட்டு அறையிலிருந்து சமையலறைக்குத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். உள்ளே மீன் இல்லை. தூள் மட்டும், ஒரு வாய்க்கால் நிறைய. சமையலறைக் கதவு சாத்தியிருக்கிறது. உணரித் தட்டு மேசைமேல், கழற்றியபடி. முகமூடி மடியில். ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு மாட்டிக்கொள்வேன்.
நஸ்ரின் சொன்னது சரியாகத்தான் இருக்கும். எனக்குத் தெரியாததை அவரால் சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்றாவது முறை அவர் சொன்னது என் காதில் விழுந்தது. சத்தமாகத்தான் இல்லை. காதில் விழுந்தது எங்காவது உள்ளே கிடக்கும்.

13:05
பற்றவைத்தேன். மெல்லிய நீலம். 31 டிகிரி.

14:40
தலை கனக்கிறது. எழுத்து நெளிகிறது. குரல் இன்னும் இல்லை.

15:20
புகை சீர்

15
"ஏம்மா கிளாரா"
இருக்கேன் அண்ணாச்சி. கையில வேற வேலை எதுவும் இல்ல. சொல்லுங்க

1
முகமூடி கீழே விழுந்துவிட்டது பரவாயில்லை
நீளமாகச் சொல்கிறார் குறுக்கே பேசக்கூடாது