மூன்று முறை சொன்னது

மார்ச் 8, சனி

கையுறைத் தொழிற்சாலையில் எனக்கு ஷிப்ட் முடிந்த கையோடு இவர் என்னை ஈப்போவுக்குக் கூட்டிப் போனார். கல்யாண வீடியோ எடுக்கும் தொழில் தொடங்கப் போகிறாராம். அதற்கு முதலில் ஒரு டிஎஸ்எல்ஆர் பார்க்க வேண்டுமாம். கேமரா கடையில் உட்கார ஒரு நாற்காலி கூட இல்லை.

கடைக்காரர் ஒரு கேமராவை என் பக்கம் திருப்பினார். "அக்கா, சும்மா ஏதாச்சும் பேசுங்க லா. சத்தம் எப்படிப் பதியுதுன்னு பாப்போம்."

"காலு வலிக்குது. வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

போட்டுக் கேட்டார்கள். ஃபோகஸ் தேடும் லென்ஸின் கரகரப்பும் என் குரலோடு சேர்ந்து பதிந்திருந்தது. லென்ஸை மாற்றினார்கள்.

"அதையே திரும்பச் சொல்லு" என்றார் இவர்.

சொன்னேன். அப்போதும் கொஞ்சம் கரகரத்தது. கேமராவின் தலையில் ஒரு மைக்கை மாட்டினார்கள். மறுபடியும் சொன்னேன்.

இவருக்கு வாயெல்லாம் பல். "ஒவ்வொரு வார்த்தையும் எவ்ளோ தெளிவா கேக்குது பாரு!"

பிறகு இருவரும் ட்ரைபாட் பார்க்கப் போனார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

கேமரா வாங்கியாயிற்று. காலில் தைலம் தேய்த்துக்கொண்டு எழுதுகிறேன். இவர் ஹாலில் அந்த வீடியோவையே போட்டுப் பார்க்கிறார். வீட்டுக்குப் போலாம், வீட்டுக்குப் போலாம் என்கிறது என் குரல்.