சூரியனுக்கு வைத்த பொட்டு

வியாழன், ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம்

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து ஆய்வுக்கூடத்தில் செய்தி சேகரிக்கப் போய் இன்று பார்த்தது மனதை விட்டுப் போகவில்லை. சூரியனைச் சூழ்ந்த கரோனா என்னும் மங்கிய ஒளியை விண்வெளியிலிருந்து படம் பிடிக்க, விஞ்ஞானி கயல்விழியின் குழு ஒரு தொலைநோக்கியை வடிவமைக்கிறது. உள்ளே ஒரு வட்டத் தகடு சூரியனை மறைக்கும். கரோனா மட்டும் படத்தில் விழும். இன்றைய சோதனையில் தகட்டின் விளிம்பில் ஒரு புள்ளி பளிச்சென்று எரிந்தது. வடிவமே தவறென்றால் தகட்டைப் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்குள் ராக்கெட்டில் ஒதுக்கிய இடம் போய்விடும்.

எல்லோரும் கணக்குகளைப் புரட்டினார்கள். கயல்விழி தகட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். விளிம்பில் சிவப்புத் தூள். ஒளி அதில் பட்டுச் சிதறியிருக்க வேண்டும்.

"முனுசாமிண்ணா, இதை முடுக்கின ஸ்பேனருக்குப் பூஜையில பொட்டு வச்சீங்களா?"

டெக்னீஷியனின் முகம் வெளுத்தது. "வெக்காம இன்னா மேடம்? நல்லா தொடச்சிகினுதான் உள்ள எடுத்தாந்தேன்."

"சூரியனுக்கே பொட்டு வச்சிட்டீங்களே!" என்று சிரித்தபடி துணியால் மெல்லத் துடைத்தெடுத்தார். மறுசோதனை நாளை காலை.

"மறுபடியும் புள்ளி வந்தா?" என்று கேட்டேன்.

"வராது சார். என் கணக்கு எனக்குத் தெரியும்."

வெற்றி என்று தலைப்புப் போடலாமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். சோதனை முடியட்டும் என்றேன். ஆனால் துடைத்தபோது கயல்விழியின் கை நடுங்கவில்லை. அதை நான் பார்த்தேன். செய்தியின் முதல் வரியாக அதையே எழுதி வைத்திருக்கிறேன். மாற்ற வேண்டி வராது.