யானை மண்டியிடும் காட்சி

நிஹ்லாட வாப்பாக்கு,

போனில் கோல் எடுத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. நேற்றைய கோபம் இன்னும் தீரவில்லை போல. தம்பி பெண்சாதிக்கு வலி வந்துவிட்டது. நிஹ்லாவையும் கூட்டிக்கொண்டு தம்புள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், நாளைக்குத்தான் வருவேன். சோறும் பருப்பும் மேசையில் மூடியிருக்கிறது. பின்கதவைப் பூட்டிச் சாவியை நானே கொண்டுபோகிறேன், கோபிக்க வேண்டாம்.

பக்கத்து வீட்டு ஸெய்னுலாப்தீன் நானாவின் வாழைகளை விடியற்காலையில் யானை மிதித்துப்போட்டிருக்கிறது. இன்றைக்கும் வரும் என்கிறார்கள்.

நான் வாசித்த அந்தப் புத்தகத்தை வைத்து எடுத்த படத்தில் இளவரசன் கையை உயர்த்தியதும் மதயானை மண்டியிடுகிறதே, அது புத்தகத்தையே மிஞ்சிய காட்சி என்று பேஸ்புக்கில் போட்டீர்கள். கீழே எத்தனையோ பேர் மெய்சிலிர்த்ததாக எழுதியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் யானை வருவதில்லை. படம் கதையைக் கெடுத்துவிட்டது என்று நான் சொன்னதற்கு, "புத்தகம் வாசிச்ச திமிரு ஒனக்கு" என்றீர்கள். அது போகட்டும். அந்த வீம்பில் நேற்று மஃரிபு தொழுகைக்குப் பிறகு, இருட்டில், வேலியடியில் யானை நிற்க, போனை என் கையில் தந்துவிட்டுக் கையை உயர்த்திக்கொண்டு போனீர்களே. "சும்மா வீடியோவுக்குத்தான் புள்ள" என்று சிரிப்பு வேறு.

புத்தகத்தில் அதே இளவரசன் யானையைக் கண்டதும் மரத்தில் ஏறி விடியும்வரை அழுவான். அதனால்தான் பெண்சாதியிடம் உயிரோடு திரும்பி வருவான்.

ஹவ்வா

டோர்ச்சும் என்னிடம்தான் இருக்கிறது, தேட வேண்டாம்.

படம்தான் நல்லம் என்று நானும் எழுதிப் போடுகிறேன். இன்றைக்கு மட்டும் புத்தகத்தில் உள்ளவன் மாதிரிப் பயந்துகொண்டு உள்ளே இருங்கள்.